நம் பள்ளிக் கணினி அறை விஷயமாக



இது நீளமான பதிவு. நடுவில் கணினிச் சமாசாரம் நிறைய வரும். "டீச்சர் மறுபடி பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு பிள்ளையின் பெயர் அந்தச் சமாசாரத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் நீங்களும் என்னோடு கொஞ்ச தூரம் உள்ளே வரத்தான் வேண்டும்.

ஜூன் 9ஆம் தேதி நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கணினி அறையில் உதவியாளராக இருந்த தம்பி, வேலையை விட்டுப் போகும்போது சர்வரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போய்விட்டான், சம்பள பாக்கிக்குப் பழி தீர்த்துக்கொண்டான், பிள்ளைகள் யாரும் கணினிக்குள் நுழைய முடியவில்லை என்று. அதன் கீழே அன்று இரவுக்குள் எத்தனை பேர் என்னென்ன எழுதினீர்கள் என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒன்று என்னுடையது. "மனம் மிகவும் வருந்துகிறது. படித்த பள்ளிக்கே இப்படிச் செய்யலாமா?" என்று எழுதியது நான்தான். "டீச்சரே சொல்லிட்டாங்க" என்று அதற்குப் பிறகுதான் பேச்சு வேகம் பிடித்தது.

அந்தத் தம்பி எதையும் மாற்றவில்லை. எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதப் போகிறேன். "டீச்சர் பாவம் பார்த்துப் பேசுகிறார்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் படிப்படியாகவே சொல்கிறேன்.

2013க்கு முன்னால் நம் கணினி அறை எப்படி இருந்தது என்று அப்போது படித்தவர்களுக்குத் தெரியும். ஏழாம் நம்பர் கணினியில் படம் வரைந்த பிள்ளை மறுவாரமும் ஏழாம் நம்பரில்தான் உட்கார வேண்டும். அதற்கு முன்பே வேறு ஒருவன் ஓடிப்போய் அதில் உட்கார்ந்திருப்பான். சண்டை வந்துவிடும். பாதிப் பீரியட் பஞ்சாயத்திலேயே போகும். அந்த வருஷம் கோடை விடுமுறையில், மென்பொருள் வேலையில் இருந்த நம் மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது பத்து நாள் உட்கார்ந்து ஒரு பழைய கணினியைச் சர்வர் ஆக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் தன்னுடைய படம், தன்னுடைய கட்டுரை எல்லாம் அங்கே வந்துவிடும். 22 கணினிகளுக்கும் ஒரே வருகைப் பதிவேடு மாதிரி. அந்தப் பதிவேட்டைத்தான் டைரக்டரி சர்வர் என்கிறார்கள்.

டைரக்டரி என்றால் பழைய டெலிபோன் டைரக்டரிதான். பெயரைத் தேடினால் விவரம் கிடைக்கும். இந்த வகை டைரக்டரியோடு கணினிகள் பேசிக்கொள்ளும் முறைக்கு எல்டாப் என்று பெயர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தது. அதன் முதல் வரையறை ஆவணம் 1993இல் வந்தது. ஹோவ்ஸ் பிறகு நெட்ஸ்கேப் கம்பெனிக்குப் போனார். பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கணக்கில் காசு கொடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நெட்ஸ்கேப் செய்த டைரக்டரி சர்வரை 2004இல் ரெட் ஹாட் வாங்கியது. 2005இல் அதையே ஃபெடோரா டைரக்டரி சர்வர் என்று எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 2009இல் அதற்கு 389 என்று பெயர் மாற்றினார்கள். எல்டாப் பேச்சுக்கு ஒதுக்கிய வாசல் எண் 389 என்பதால் அந்தப் பெயர். மென்பொருளுக்கு வாசல் எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். நம் ஊரில் பஸ் நம்பரை வைத்து "12பி கண்டக்டர்" என்று ஆளையே அழைப்பதில்லையா, அது போல.

நம் பள்ளியில் இருப்பது இந்த 389தான். அமைத்துக் கொடுத்த மாணவர் எனக்கும் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியப் பயிற்சி முடித்த காலத்தில் நான் கணினியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல் நோட்டுப் புத்தகம் போட்டு எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன். ஆறு வருஷம் பார்த்துக்கொண்டேன். 2019 மே மாதம் ஓய்வு பெறும் முன்பு, இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றி, ஒரு கவரில் போட்டு ஒட்டி, தலைமையாசிரியரின் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு பொறுப்புக்கு வந்தவர்தான் இந்தத் தம்பி. என் ஆறாம் வகுப்பு மாணவர்.

இரண்டு கடவுச்சொற்கள் என்றேன் அல்லவா, அது முக்கியம். இந்தச் சர்வரில் இரண்டு பெரியவர்கள் உண்டு. ஒருவர் 'டைரக்டரி மேனேஜர்'. இவர் தாளாளர் மாதிரி. எந்தக் கட்டுப்பாடும் இவருக்குப் பொருந்தாது. பதிவேட்டில் இவர் பெயரே இருக்காது. இவருடைய கடவுச்சொல் தனியாக ஓர் அமைப்புக் கோப்பில் இருக்கும். இன்னொருவர் 'அட்மின்'. இவர் தலைமையாசிரியர் மாதிரி. இவருக்குப் பதிவேட்டிலேயே ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கம் 'நெட்ஸ்கேப்ரூட்' என்ற பகுதியில் இருக்கிறது. கம்பெனி கைமாறிப் பல வருஷம் ஆகியும் அந்தப் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போனவரின் பெயரே வாசல் கல்லில் இருப்பது போல.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு முடித்தவர்களை நீக்கி, ஆறாம் வகுப்புக்கு வந்தவர்களைச் சேர்க்க வேண்டும். அதற்கு 'கன்சோல்' என்று ஒரு ஜன்னல் திறக்கும். பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி மூன்றையும் கேட்கும். இந்த ஜூனில் வெயிலால் பள்ளி திறப்பு தள்ளிப்போனது. 8ஆம் தேதி தாளாளர் முன்னிலையில் கவரைப் பிரித்து, அட்மின் பெயரில் நுழைந்து பார்த்திருக்கிறார்கள். நுழைய முடியவில்லை. திரும்பத் திரும்பப் பதினோரு தடவை. பிறகு மாணவர் கணினிகளில் பார்த்தால், அங்கேயும் எந்தப் பிள்ளையின் பெயரும் ஏற்கவில்லை. ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டை மாத்திட்டாங்க சார், ஆளுங்க பேரையும் அழிச்சிருப்பாங்க, ஃபார்மேட் அடிச்சு புதுசா போட்டுடலாம்" என்றிருக்கிறார். கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: நான், அந்தத் தம்பி. நான் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. தம்பியோ மூன்று மாதச் சம்பளம் வராமல் ஏப்ரல் கடைசியில் வேலையை விட்டவர். கணக்கு முடிந்துவிட்டது.

நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். 9ஆம் தேதி இரவு அவருக்குப் போன் செய்து, "எதுக்குடா மாத்தினே?" என்றுதான் ஆரம்பித்தேன். மாற்றினாயா என்று கூடக் கேட்கவில்லை.

"நான் எதுவும் மாத்தல டீச்சர்."

"வேற யாருடா மாத்துவா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி டீச்சர், வெச்சுடறேன்" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் மேல் இரக்கம் வந்ததால் என்று சொன்னால் அது பொய். ஃபார்மேட் செய்தால் பத்து வருஷப் பிள்ளைகளின் படங்களும் கட்டுரைகளும் போய்விடுமே என்ற கவலைதான். நான் எழுதி வைத்த பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். புரட்டிக்கொண்டு வரும்போது, அதில் 2015ஆம் வருஷம் ஒரு நாள் எனக்கே கன்சோலில் நுழைய முடியாமல் போனபோது திரையில் வந்த வாசகத்தை எழுதி வைத்திருந்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பயனர் பெயர் தவறு, கடவுச்சொல் தவறு, அல்லது டைரக்டரியில் சிக்கல், அதனால் நுழைய முடியாது.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று காரணம் சொல்கிறது. நாம் எல்லோரும் நடுவில் இருப்பதை மட்டும் படித்திருக்கிறோம். தாளாளரிடம் போனில் கேட்டேன், திரையில் என்ன வந்தது என்று. "பாஸ்வேர்டு தப்புன்னு வந்துது டீச்சர்" என்றார். முழு வரியையும் படிக்கச் சொன்னேன். இதே வரி.

இந்த வரி ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. கன்சோல் ஜன்னல் நேராக டைரக்டரியிடம் பேசுவதில்லை. நடுவில் 'அட்மின் சர்வர்' என்று ஒருவர், 9830ஆம் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் கிளார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் மனுவைக் கிளார்க்கிடம் கொடுக்கிறோம். அவர் அதை 389ஆம் வாசலில் இருக்கும் அதிகாரியிடம் கொண்டுபோய், "இவர் சொல்வது சரியா?" என்று கேட்டு வர வேண்டும். அதிகாரி "கையெழுத்து தவறு" என்றாலும், அதிகாரியின் அறையையே கிளார்க்கால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலும், ஜன்னலில் நமக்கு வரும் பதில் அந்த ஒரே வரிதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிளார்க்கை விட்டுவிட்டு நாமே நேராக அதிகாரி அறைக்குப் போய்க் கேட்பது.

10ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்குப் போய்விட்டேன். சர்வீஸ்காரர் பென் டிரைவோடு வந்து உட்கார்ந்திருந்தார். "ஒரு மணி நேரம் கொடுங்க தம்பி" என்றேன். நல்ல மனிதர், டீ குடிக்கப் போனார். தலைமையாசிரியர் கவரைக் கொடுத்தார். என் கையெழுத்தில் இரண்டு வரி.

சர்வர் கணினியில் ரூட் பயனராக நுழைய முடிந்தது. அது வேறு கடவுச்சொல், என் நோட்டில் இருந்தது. பழி தீர்க்க நினைப்பவர் அதை முதலில் அல்லவா மாற்றுவார் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கறுப்புத் திரையில் எல்டாப்சர்ச் கட்டளையை நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். 'இதே கணினியில் இருக்கும் டைரக்டரியிடம் நேராகப் போ, டைரக்டரி மேனேஜர் பெயரில் போ, கடவுச்சொல்லை என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்' என்பது அதன் பொருள்.

பதில் 49 என்று வந்தது.

49 என்றால் 'கொடுத்த அடையாளம் செல்லாது' என்று அர்த்தம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாற்றித்தான் விட்டானா என்று அந்த நொடியில் மறுபடி நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கவரைப் பார்த்தால், நான் தட்டியது இரண்டாவது வரி. அட்மினுடைய கடவுச்சொல்லை மேனேஜருக்குக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியரின் சாவியைத் தாளாளர் அறைக் கதவில் போட்டுத் திருகியிருக்கிறேன். முதல் வரியைத் தட்டினேன். கதவு திறந்தது. பிறகு அட்மினுடைய அந்த நீளமான முழுப் பெயரைத் தட்டி, இரண்டாவது வரியைக் கொடுத்தேன். அதுவும் திறந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்பு நான் எழுதி வைத்த இரண்டு கடவுச்சொற்களும் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தன. அந்தப் பழி அந்த இடத்திலேயே செத்துப்போனது. ஆனால் தாளாளருக்கு அது போதவில்லை. "உங்ககிட்ட பேசினதும் ராத்திரியே வெளியிலேருந்து திருப்பி மாத்தியிருக்கலாமே டீச்சர்" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், தப்பில்லை. அதனால் பதிவேட்டையே கேட்டேன்.

டைரக்டரியில் ஒவ்வொருவர் பக்கத்திலும், அந்தப் பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று ஒரு குறிப்பு இருக்கும். சாதாரணமாகக் காட்டாது, பெயர் சொல்லிக் கேட்டால்தான் காட்டும். அட்மின் பக்கத்துக்குக் கேட்டேன். ஒரே நீள எண்ணாக வந்தது: 20190528055230, பின்னால் ஓர் இசட். 2019 மே 28, காலை 5.52. தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார், "அஞ்சே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துல யார் இருந்தாங்க?" என்று. கடைசியில் இருக்கும் அந்த இசட் என்றால் அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். காலை 11.22. எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை. கோடை விடுமுறை. பள்ளியில் நானும் வாட்ச்மேனும் மட்டும். கவரை ஒட்டப் பசை கிடைக்காமல், அவர் சோற்றுப் பருக்கை கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குப் பிறகு நான்கு வருஷமாக அந்தப் பக்கத்தில் யாருடைய கையும் படவில்லை.

அதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. இந்தச் சர்வர் தன் வாசலுக்கு யார் வந்தாலும் எழுதி வைக்கும். எந்த முகவரியிலிருந்து வந்தார், யார் பெயரைச் சொன்னார், பதில் 0 என்று கொடுத்தேனா 49 என்று கொடுத்தேனா, என்ன கேட்டார், எல்லாம் தேதி, நேரத்தோடு. சற்று முன் நான் செய்த தவறு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை. பயந்துபோனேன். பிறகுதான் நோட்டில் நானே எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'உடனே எழுதாது, கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் எழுதும்.' ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் என் 49 அங்கே அழகாக உட்கார்ந்திருந்தது. ரெண்டும் ரெண்டும் அஞ்சு என்று போட்ட பிள்ளையின் நோட்டில் சிவப்பு மை மாதிரி.

8ஆம் தேதியைத் தேடினேன். தாளாளர் பதினோரு தடவை முயன்றார் அல்லவா, பதினோரு 49 இருக்க வேண்டும். ஒன்று கூட இல்லை. அன்று அட்மின் பெயரைச் சொல்லி யாருமே அந்த வாசலுக்கு வரவில்லை. அதாவது, தாளாளர் தட்டிய கடவுச்சொல் சரியா தவறா என்று டைரக்டரியிடம் யாரும் கேட்கவே இல்லை. மனு கிளார்க் மேசையோடு நின்றுவிட்டது.

பிறகு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அன்று காலை வரை யாருடைய பக்கமாவது திருத்தப்பட்டதா என்று தேடினேன். யாருடைய பக்கத்தில் கை வைத்தார் என்று அந்தப் பதிவேடு சொல்லும், என்ன திருத்தினார் என்று சொல்லாது. நாற்பத்தோரு திருத்தங்கள். எல்லாமே பிள்ளைகளின் பக்கங்கள். ஒரு பெயர் கூட அழிக்கப்படவில்லை. கடைசித் திருத்தம் ஏப்ரல் 28, மாலை 3.47, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. அதுதான் தம்பியின் கடைசி வேலை நாள். அதற்குப் பிறகு மே முழுவதும், ஜூன் 10 காலையில் நான் வந்து தவறாகத் தட்டும் வரை, அட்மின் பெயரிலோ மேனேஜர் பெயரிலோ ஒருவரும் உள்ளே வரவில்லை. வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளிருந்தும் வரவில்லை.

சர்வீஸ்காரர் ஃபார்மேட் அடித்திருந்தால் இந்த வரிகள் எல்லாம் போயிருக்கும். அப்புறம் நானே நூறு பதிவு போட்டாலும் அந்தப் பிள்ளையை மீட்டிருக்க முடியாது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, கிளார்க் ஏன் அதிகாரி அறைக்குப் போகவில்லை? இதற்கு 2013இல் அமைத்துக் கொடுத்த மாணவரையே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அவர் இருக்கும் நாட்டில் விடிந்தும் விடியாத நேரம். கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ரவுட்டர் மாத்தினாங்களா டீச்சர்?"

மாற்றித்தான் இருக்கிறார்கள். மே மாதம் இன்டர்நெட் கம்பெனியை மாற்றி, புதிய ரவுட்டர் வைத்திருக்கிறார்கள். வைக்க வந்தவர் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டிருக்கிறார். பழைய ரவுட்டரில், சர்வருக்கு எப்போதும் 192.168.1.10 என்ற முகவரியையே கொடு என்று எழுதி வைத்திருந்தது. புதியதற்கு அதெல்லாம் தெரியாது. அது தன் பழக்கத்தில் 192.168.0.104 என்று ஒன்றைக் கொடுத்துவிட்டது. ஆனால் சர்வருக்குள் இருக்கும் முகவரிக் கோப்பிலும் மாணவர் கணினிகளிலும் பழைய முகவரிதான் இருக்கிறது. கிளார்க் ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்துகொண்டு, அதிகாரியைப் பழைய தெருவில் போய்த் தேடியிருக்கிறார். பிள்ளைகளின் கணினிகளும் அதே பழைய தெருவில்தான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. சர்வரின் பெயரைச் சொல்லி பிங் அடித்துப் பார்க்கச் சொன்னார் மாணவர். 192.168.1.10ஐத் தேடிப் போய், அப்படி ஒரு வீட்டை அடைய முடியவில்லை என்று திரும்பி வந்தது. நான் காலையில் நேராகப் போனபோது மட்டும் ஏன் திறந்தது என்றால், பெயரைச் சொல்லாமல் 'இதே கணினி' என்று சொல்லிவிட்டேன். முகவரி தேவைப்படவில்லை.

சரிசெய்ய இருபது நிமிஷம் கூட ஆகவில்லை. புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பழைய வரிசை முகவரிகளையே கொடுக்கச் சொல்லி, சர்வருக்கு 10ஐ ஒதுக்கி, சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டோம். கன்சோல் ஜன்னலில் தாளாளரையே தட்டச் சொன்னேன். பன்னிரண்டாவது தடவை. திறந்தது. மாணவர் கணினிகளிலும் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டன. திரும்பி வந்த சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு, "எங்கிட்ட வர்றதெல்லாம் பாஸ்வேர்டு கேஸ்தான் டீச்சர், அதான் அப்படிச் சொல்லிட்டேன்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான் என்ன செய்தேனாம்?

கிளம்பும் முன்பு பழைய ரவுட்டர் எங்கே என்று கேட்டேன். பீரோவின் மேல் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தது. எடுத்துத் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர். 'இதைக் கழற்றினால் சர்வர் வேலை செய்யாது. மாற்றும் முன் எனக்குப் போன் செய்யவும்.' கீழே அந்தத் தம்பியின் நம்பர். 'கழற்றினால்' என்பதில் ழகரத்தின் சுழி நீளமாகக் கீழே இறங்கி அடுத்த வரியில் இடித்துக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்பில் அதற்காக நான் எத்தனை தடவை தலையில் குட்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பதிவேட்டின் அந்த வரிகளைத் தலைமையாசிரியர் அச்செடுத்துக் கொடுத்திருந்தார். அவருடைய அம்மா உட்காரச் சொல்லவில்லை, நானாகத் திண்ணையில் உட்கார்ந்தேன். தம்பி உள்ளேயிருந்து வந்து நின்றார். "நான் சொன்னது தப்புப்பா. குரூப்புல எழுதினதும் தப்பு" என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா? லீவுல மறந்துடுவேன் சார், ஈஸியா வெச்சுக் கொடுங்கன்னு வந்துச்சு. மாத்திக் கொடுத்தேன்" என்றார்.

பிறகு, "ரவுட்டரா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒட்டி வெச்சேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது உங்களிடம் கேட்பது. குழுவில் நான் எழுதியதை அழிக்கவில்லை. அதன் கீழேயே நான் எழுதியது தவறு என்று எழுதிவிட்டேன், இந்தப் பதிவையும் அங்கே போடுகிறேன். உங்களில் யார் யார் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. குழுவில் பொதுவாக ஒரு வருத்தம் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கே போன் செய்யுங்கள். நம்பர் பழையதுதான், மாற்றவில்லை. இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார், காலை பத்து மணிக்கு மேல் வாடிக்கையாளர் வருவார்கள், அதற்கு முன்பு பேசுங்கள். நம் பிள்ளைகளில் கணினிக் கம்பெனியில் பெரிய இடத்தில் இருப்பவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். சம்பளமே வராத பள்ளியில் நான்கு வருஷம் 22 கணினிகளை ஓடவைத்த ஒருவருக்கு உங்களிடம் வேலை இருக்குமா என்று பாருங்கள்.

மூன்று மாதச் சம்பள பாக்கி இன்னும் வரவில்லை. தாளாளர் பார்க்கலாம் என்றிருக்கிறார். திங்கட்கிழமை மறுபடி போகிறேன். கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டுதான்.